கடற்கரையில் மட்டி எடுத்துச் சாப்பிடுவது: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

மணலுக்குள் புதைந்து வாழும் இரட்டை ஓட்டுச் சிப்பி வகையான மட்டியைத் தோண்டுவதை ஒரே காலையில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். சிறுபிள்ளைகள் அரை மணி நேரத்தில் பெரியவர்களை மிஞ்சிவிடுவார்கள். எனக்கு இதைப் பழக்கிவிட்டவர் என் பெரியம்மா. அவர் எடுத்த எடுப்பில் என் கையில் களைக்கொத்தைக் கொடுக்கவில்லை. கரையோரமாக நெடுந்தூரம் நடக்க வைத்தார். எந்த ஓடை எங்கே கடலில் கலக்கிறது, எந்தக் கழிவுக்குழாய் எங்கிருந்து வருகிறது, படகுகளை எங்கே கட்டுகிறார்கள், கால்நடைகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "தோண்டுவது கிடக்கட்டும். இது எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்று முதலில் சொல்" என்றார். மட்டி எடுக்க வேண்டும் என்று என்னிடம் ஆசையாகக் கேட்பவர்களிடம் நானும் இந்தப் பேச்சைத்தான் முதலில் எடுக்கிறேன். சிலருக்குச் சலிப்பாக இருக்கும். இருந்தாலும் விடமாட்டேன்.

மட்டிக்கு இரை தேடி ஓட முடியாது. மணலுக்குள் புதைந்தபடியே ஒரு குழலால் கடல்நீரை உள்ளே இழுக்கிறது. அதில் மிதந்துவரும் நுண்பாசிகளைச் செவுளால் வடித்து உண்கிறது. மிச்ச நீரை இன்னொரு குழலால் வெளியே தள்ளுகிறது. தண்ணீர் தலைக்கு மேல் இருக்கும்வரை இதே வேலைதான். ஒரு நாளில் பல லிட்டர் நீர் அந்தச் சின்ன உடலைக் கடந்துபோகிறது. அந்த நீரில் சாக்கடைக் கிருமி கலந்திருந்தால் அது மட்டிக்குள் சேரும். நச்சுப்பாசி இருந்தால் அதன் நஞ்சும் சேரும். இதில் நாம் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. மீனைக் குடல் நீக்கித்தான் சமைக்கிறோம். மட்டியை அப்படிச் செய்வதில்லை. குடலும் செவுளும் அவற்றில் தங்கிய எல்லாமும் சேர்த்து முழு உடலையும் அப்படியே வாயில் போடுகிறோம். கடலிலிருந்து கிடைக்கும் மற்ற உணவுகளைவிட இதற்குக் கூடுதல் கவனம் கேட்பது அதனால்தான்.

இது வீண் பயம் அன்று. 1988ஆம் ஆண்டு தொடக்கத்தில் சீனாவின் ஷாங்காய் நகரில் சுமார் 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலை வந்தது. கழிவுநீர் கலந்த கடற்பகுதியில் எடுத்த மட்டியைச் சரியாக வேக வைக்காமல் சாப்பிட்டதுதான் காரணம். கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, ஓடு லேசாக வாய் திறந்ததும் எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் வைரஸ் சாவதில்லை. அந்த நகரத்தின் மருத்துவமனைகளில் இடம் போதாமல் பள்ளிகளிலும் கிடங்குகளிலும் நோயாளிகளைக் கிடத்த வேண்டியிருந்தது. இத்தனைக்கும் மட்டி பார்க்க நன்றாகவே இருந்திருக்கும். ருசியிலும் குறை தெரிந்திருக்காது.

கிருமியாவது சூட்டுக்கு அடங்கும். நச்சுப்பாசியின் நஞ்சு அடங்காது. 1793ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரின் கப்பல் குழுவினர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்தபோது, ஒரு காலை வேளையில் சிலர் கரையிறங்கி, பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுட்டுத் தின்றார்கள். முகமும் கை கால்களும் மரத்துப்போயின. ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்றே சில மணி நேரத்தில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு 'நஞ்சு விரிகுடா' என்று பொருள்படும் பெயரையே வான்கூவர் வைத்தார். சுட்டுத் தின்ற உணவுதான் அது. நெருப்பில் அந்த நஞ்சு அழியவில்லை. சாக்சிடாக்சின் என்ற அந்த நஞ்சு கொதித்தாலும் உறைந்தாலும் வினிகரில் ஊறினாலும் அப்படியே இருக்கும். 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது என்று பல நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத அளவு அது.

சாப்பிட்ட அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் விறுவிறுக்கத் தொடங்கும். விரல் நுனிகள் மரத்துப்போகும். நடை தள்ளாடும், பேச்சு குழறும். முற்றினால் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்து, நஞ்சு உடலைவிட்டுப் போகும்வரை ஆளைத் தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. ஆகவே மட்டி சாப்பிட்ட பிறகு உதடு விறுவிறுத்தால் "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாதீர்கள். அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எந்தக் கரையில் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல் எடுத்து வையுங்கள், சோதனைக்கு உதவும். நஞ்சு ஒரே வகையும் அன்று. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த சிப்பிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு நினைவாற்றல் திரும்பவே இல்லை. டோமோயிக் அமிலம் என்ற வேறொரு பாசி நஞ்சு அது.

கடல் சிவந்தால்தான் ஆபத்து என்று பலரும் நம்புகிறார்கள். நச்சுப்பாசி பெருகும்போது நீர் சில சமயம் செந்நிறமாகும், உண்மைதான். நிறமே மாறாமல் நஞ்சு ஏறியிருக்கும் காலங்களும் உண்டு. நீர் தெளிந்த பிறகும் சில மட்டி வகைகள் நஞ்சை ஓராண்டுக்கு மேல்கூட உடலில் வைத்திருக்கும். வெள்ளிக் கரண்டி போட்டுப் பார்ப்பது, பூண்டு போட்டுக் கொதிக்கவிட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, ஒரு துண்டு நக்கிப் பார்ப்பது எதுவுமே நஞ்சைக் காட்டாது. பறவைகள் தின்கின்றனவே என்பதும் சான்றாகாது.

காட்டுவது ஆய்வகச் சோதனை ஒன்றுதான். மீன்வளத் துறையோ சுகாதாரத் துறையோ எந்தெந்தக் கரை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அறிவிக்கும் இடங்களில், கிளம்பும் நாளன்றே அதைப் பார்த்துவிட வேண்டும். போன வாரம் திறந்திருந்ததை நம்பிப் போகக் கூடாது. ஒரே கரையில் ஒரு வகைக்கு அனுமதியும் இன்னொரு வகைக்குத் தடையும் இருக்கலாம். ஆகவே நாம் எடுக்கப்போகும் வகையின் பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். உரிமச் சீட்டு வேண்டுமா, ஆளுக்கு எவ்வளவு எடுக்கலாம், எந்த அளவுக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். சோதனையே நடக்காத கரையில் நான் சாப்பிடுவதற்கு எடுப்பதில்லை. உள்ளூரில் காலங்காலமாக எடுப்பவர்களின் அனுபவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மட்டி எங்கே இருக்கும், எப்போது சதைப்பிடிப்போடு இருக்கும் என்று அவர்களைப்போல் யாருக்கும் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நஞ்சை அனுபவமும் பார்த்துவிட முடியாது.

ஒருமுறை அக்கா குடும்பத்தோடு கூட்டமாகக் கிளம்பினோம். முந்தைய இரவு திறந்திருந்த கரை, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மூடப்பட்டிருந்தது. நுழைவழியில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பிள்ளைகள் வாளியோடு மணலில் இறங்கிவிட்டார்கள். கடலோ நன்றாக வற்றி, மட்டித் துளைகள் கண்ணெதிரே வரிசையாகத் தெரிந்தன.

"இவ்வளவு தூரம் வந்தாயிற்று, தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது?" என்றார் அக்கா.

"நன்றாகவே வேக வைத்துவிடுவோம், என்ன ஆகிவிடும்?" என்றார் மாமா.

"இது கிருமி இல்லை மாமா, நஞ்சு. எவ்வளவு வேக வைத்தாலும் போகாது" என்றேன். "பிள்ளைகள் உடம்பு சின்னது. நமக்குத் தாங்கும் அளவு அவர்களுக்குத் தாங்காது."

மாமா அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு வாளியைக் கவிழ்த்துவிட்டார். சற்றுத் தள்ளி இன்னொரு குடும்பம் அறிவிப்பைக் கவனிக்காமல் தோண்டிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சொன்னேன். அவர்களில் மூத்தவர் கூடைக்குள் குனிந்து பார்த்துவிட்டு, எடுத்ததை எல்லாம் எடுத்த குழிகளிலேயே போட்டு மூடினார். அடுத்தவருக்குச் சொல்வது நம் வேலையா என்று தயங்காதீர்கள். சொல்லிவிடுங்கள்.

அறிவிப்பு இல்லாவிட்டாலும் பெருமழைக்குப் பிறகு சில நாட்கள் நான் போகமாட்டேன். ஊர்க் கழிவும் வயல் மருந்தும் சாணமும் மழைநீரோடு அடித்துக்கொண்டு கடலுக்குத்தான் வருகின்றன. துறைமுகம், படகுகள் நிறைந்த முகத்துவாரம், தொழிற்சாலைக் கால்வாய் ஆகியவற்றின் பக்கத்தில் எந்த நாளிலும் எடுப்பதில்லை. எண்ணெயும் கன உலோகங்களும் சேற்றில் தங்கிவிடும்; ஒரு மழை ஓய்ந்தால் தீர்ந்துபோகும் அழுக்கு அன்று அது.

இனி நேரம். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இருமுறை வற்றி இருமுறை பெருகும். ஒரு வற்றுக்கும் அடுத்த வற்றுக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை ஏழு மணிக்கு முழுதாக வற்றினால் நாளைக் காலை ஏறத்தாழ 7.50க்கு வற்றும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாகப் பின்வாங்கும். மற்ற நாட்களில் நீருக்கடியிலேயே இருக்கும் மணல்பரப்பு அப்போது வெளியே வரும். பெரிய மட்டிகள் அங்கேதான் இருக்கும். அமாவாசையன்று காட்டிலும் அதற்கு அடுத்த ஓரிரு நாட்களில்தான் பல இடங்களில் வற்று உச்சம் அடைகிறது. பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்துப் போகாமல், அந்தக் கரையில் கடல் வற்றும், பெருகும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். அட்டவணையில் உள்ள நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னதாகப் போய்ச் சேருங்கள். நீர் இறங்க இறங்க அதன் பின்னாலேயே போய்த் தோண்டுங்கள். கடல் திரும்பிவிட்டது என்று தெரிந்ததும் கரைப்பக்கம் வந்துவிடுங்கள். இன்னும் வாளி நிறையவில்லையே என்று நிற்கிற அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்தானது.

பெருகும் நீர் ஒரே வேகத்தில் வருவதில்லை. வற்றிய பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே ஏறும். மூன்றாவது நான்காவது மணி நேரங்களில் பாதி ஏறிவிடும். மாலுமிகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது. மெல்லத்தானே வருகிறது என்று முதல் மணி நேரத்தைப் பார்த்து ஏமாந்தால், பிறகு ஓட இடம் இருக்காது. அதிலும் தட்டையான பரந்த சேற்று வெளியில் நீர் நம் முன்னால் வருவதற்குமுன் பின்னால் இருக்கும் தாழ்வான வாய்க்கால்களில் ஏறி, நாம் நிற்கும் திட்டைத் தீவாக்கிவிடும். 2004 பிப்ரவரி 5 அன்று இரவு இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் இப்படித்தான் சூழப்பட்டார்கள். குறைந்தது 21 பேர் மூழ்கி இறந்தார்கள். அந்தக் கரையையும் அதன் ஓதத்தையும் அறியாதவர்களை, பாதுகாப்பு எதுவும் இல்லாமல், இருட்டில் வேலைக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். அவர்களை நினைக்காமல் நான் சேற்று வெளியில் கால் வைப்பதில்லை. தனியாகப் போவதில்லை; புதுக் கரைக்கு இருட்டில் போவதில்லை; திரும்பும் நேரத்துக்குக் கைபேசியில் மணி வைத்துவிடுகிறேன்; எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்னக் களைக்கொத்து, வலைப்பை, ஒரு வாளி, தடித்த கையுறை, கட்டிய செருப்பு அல்லது பழைய காலணி போதும். கையுறையை மட்டும் வலியுறுத்துவேன். உடைந்த ஓடு கத்திபோல் கிழிக்கும். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியா காயத்தின் வழியாக உடலுக்குள் போனால், கல்லீரல் நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். கையில் புண் இருந்தால் அன்று வாளியைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பது போதும். கடலில் கிழித்த காயத்தை உடனே நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவிவிட வேண்டும். அது சிவந்து வேகமாக வீங்கினால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

தோண்டுவதில்தான் எனக்குக் கொள்ளை ஆசை. நீர் இப்போதுதான் விலகிய ஈரமணலில் குனிந்து நடந்தால் முதலில் எதுவுமே தெரியாது. கண் பழகியதும் துளைகள் தெரியத் தொடங்கும். புழுத்துளையின் வாயில் மண் சுருள்சுருளாகக் குவிந்திருக்கும். நண்டுத்துளையைச் சுற்றி மணல் உருண்டைகள் சிதறிக் கிடக்கும். மட்டித்துளை பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லாமல், அருகருகே இரண்டு புள்ளிகளாகவோ, இரண்டும் ஒட்டி நடுவில் ஒடுங்கிய ஒரே துளையாகவோ இருக்கும். இரண்டு குழல்களும் வெளியே வந்த வழி அது. சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் காலால் ஓங்கி மிதித்துப் பார்ப்பேன். மட்டி பயந்து குழலை உள்ளே இழுக்கும்போது துளையிலிருந்து ஒரு நீர்த்தாரை பீச்சியடிக்கும். முழங்கால் உயரத்துக்குப் பீச்சுவதும் உண்டு. பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும், நாள் முழுக்க மிதித்துக்கொண்டே திரிவார்கள்.

துளைக்கு நேர்மேலே கொத்தினால் ஓடு உடையும். ஒரு கையகலம் தள்ளி, கடல் பக்கமாகக் கொத்தி மணலை இழுத்துவிட்டு, பிறகு கருவியை வைத்துவிட்டு விரலால் பக்கவாட்டில் துழாவ வேண்டும். ஈரமணல் குளிர்ந்து இறுகியிருக்கும்; அதற்குள் விரல் ஒரு வழவழப்பான விளிம்பைத் தொடும். கல் என்றால் தொட்டபடியே கிடக்கும். மட்டி என்றால் விரலுக்கடியில் மெல்ல நழுவுவது தெரியும். ஓட்டுக்கு வெளியே நாக்கு நீட்டியதுபோல் வெளுத்த ஒரு தசை இருக்கும். மட்டியின் கால் அதுதான். அந்தக் காலை மணலுக்குள் செருகி, நுனியை உப்ப வைத்துப் பிடித்துக்கொண்டு, உடலைக் கீழே இழுத்துக்கொள்ளும். இழுபறி செய்தால் கால் அறுந்துவிடும். இரண்டு விரலை அடியில் கொடுத்து மணலைத் தளர்த்தினால் தானே பிடி விட்டுக் கையோடு வந்துவிடும். வெளிச்சம் பட்டதும் 'டக்'கென்று வாயை மூடிக்கொள்ளும். அந்த மூடலில் விரலுக்குத் தெரியும் அழுத்தத்தை வைத்தே உயிர்த்துடிப்பான மட்டி என்று சொல்லிவிடலாம்.

வகைக்கு வகை ஆழம் மாறும். குட்டைக் குழல் உள்ளவை மேல்மணலிலேயே கிடக்கும், விரல்களால் வாரினாலே கிடைக்கும். நீளக் குழல் உள்ளவை முழங்கை ஆழத்தில் இருக்கும். கத்திப்பிடிபோல் நீண்டிருக்கும் வகை நாம் தோண்டுவதைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். புதியவர்கள் மேல்மணல் மட்டியிலிருந்து தொடங்குவது நல்லது.

எதை எடுக்காமல் விடுகிறோம் என்பதில் நான் கண்டிப்பு. அளவுக்குக் குறைந்ததை அதே இடத்தில், அது இருந்த ஆழத்துக்கு மணலில் புதைத்துவிட வேண்டும். மேலே போட்டுவிட்டு வந்தால் அது மறுபடி புதைந்துகொள்வதற்குள் பறவை கொத்திவிடும், வெயில் காய்ச்சிவிடும். தோண்டிய குழியையும் மூடியே ஆக வேண்டும். குழியைத் திறந்தே விட்டுவிட்டுப் பக்கத்தில் மணலைக் குவித்தால், அந்தக் குவியலுக்கடியில் இருக்கும் குஞ்சுகளின் குழல் நீருக்கு எட்டாமல் மூச்சடைத்துச் செத்துப்போகும். ஓட்டின் மேல் இருக்கும் வளையங்கள் வளர்ச்சிக் கோடுகள். அவற்றை வைத்தே வயதைக் கணிக்கிறார்கள். 2006இல் ஐஸ்லாந்து கடலில் எடுத்த ஒரு மட்டிக்கு 507 வயது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கரையோரத்தில் நாம் எடுப்பவை அவ்வளவு வாழ்வதில்லை. ஆனாலும் உள்ளங்கை அளவுள்ள ஒரு மட்டி வளரச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது மனதில் இருந்தால் கை தானாக அளவோடு நிற்கும். வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கிளம்பும்போதே எண்ணிக்கொள்வேன். சட்டம் அனுமதிக்கும் முழு அளவையும் அள்ளிவர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எடுத்தவற்றைக் கடல்நீரிலேயே அலசி, வலைப்பையில் போட்டு, ஈரத்துணி மூடி நிழலில் வையுங்கள். மூடிய வாளித் தண்ணீரில் குவித்து வைத்தால் பிராணவாயு தீர்ந்து செத்துவிடும். நல்ல தண்ணீர் பட்டாலும் தாங்காது. பனிக்கட்டி வைத்தால் அது உருகி மட்டியின் மேல் வடியாதபடி நடுவே ஒரு தடுப்பு கொடுங்கள். வரும்போது மறக்காமல் ஒரு குடம் சுத்தமான கடல்நீர் கொண்டுவாருங்கள், மணல் கக்க வைக்க அதைவிட நல்லது வேறில்லை.

கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு கரைத்துக்கொள்ளலாம். கடலின் சராசரி உப்பு அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஓர் இரவு திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். அகலமான தட்டில் துளையுள்ள ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மட்டியை ஒரே அடுக்காகப் பரப்பி, மூழ்கும் அளவு மட்டும் நீர் விட்டு, இருட்டான குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுவேன். சத்தம் அடங்கியதும் ஒவ்வொன்றாக ஓட்டை விலக்கி இரண்டு குழல்களையும் நீட்டும். நீரைப் பீச்சி மணலைக் கக்கும். சமையலறைச் சுவர்வரை தெறிக்கும், ஆகவே மேலே துணி போடுங்கள். கக்கிய மணல் துளை வழியாக அடியில் தங்கிவிடுவதால் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளாது. மூன்று நான்கு மணி நேரம், நடுவில் ஒருமுறை நீர் மாற்றினால் போதும். மட்டியை வெளியே எடுத்துவிட்டுத்தான் நீரைக் கொட்ட வேண்டும். இப்படிச் செய்வதால் போவது மணல் மட்டுமே. கிருமியோ நஞ்சோ இதில் போகாது என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "ஒரு நாள் தண்ணீரில் போட்டு வைத்தோம், எல்லாம் சுத்தமாகிவிட்டது" என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர்.

அடுப்பில் ஏற்றுவதற்குமுன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். வாய் திறந்திருப்பதைத் தட்டினால் மெல்லவாவது மூட வேண்டும், மூடாவிட்டால் செத்தது. உடைந்ததையும் விலக்கிவிடுங்கள். இன்னொரு வகை உண்டு: உயிர் எப்போதோ போய், இறுக மூடிய ஓட்டுக்குள் சேறு மட்டும் நிறைந்திருக்கும். கனமாக, மூடியபடி, நல்ல மட்டிபோலவே இருக்கும். கட்டைவிரலால் மேல் ஓட்டைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். உயிருள்ளது அசையாது. சேற்று மட்டி வழுக்கித் திறந்துகொள்ளும். இரண்டு மட்டியை ஒன்றோடொன்று தட்டினாலும் ஓசை வித்தியாசம் காதுக்குத் தெரியும். இப்படி ஒன்று பானைக்குள் போய்விட்டால் மொத்தச் சாறும் கருஞ்சேறாகிவிடும்.

சமையல் எளிது. அகன்ற பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு நீர் கொதித்ததும் மட்டியைப் போட்டு மூடிவிடுங்கள். உப்பு வேண்டாம், அதற்குள் இருக்கும் கடல்நீரே போதும். ஓடுகள் திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சதையின் நடுப்பகுதி 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒன்றரை நிமிடம் இருந்தால்தான் மஞ்சள் காமாலை வைரஸ் அழியும். பாத்திரத்தை நிரப்பிவிட்டால் அடியில் உள்ளவை வெந்து ரப்பராகும், மேலே உள்ளவை வேகாமல் நிற்கும். ஆகவே இரண்டு மூன்று தவணையாக வேக வையுங்கள். கடைசிவரை திறக்காததை எறிந்துவிடுங்கள், கத்தி போட்டுத் திறக்க வேண்டாம். பச்சையாகச் சாப்பிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கர்ப்பிணிகள், முதியவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. முதல் முறை சாப்பிடுபவர்களுக்கு ஒவ்வாமை இருக்கலாம், ஒன்றிரண்டோடு நிறுத்திப் பாருங்கள்.

அன்றே எடுத்து அன்றே வெந்த மட்டியின் சதையைக் கடித்தால் முதலில் உப்பு தெரியும், பிறகு மெல்ல ஓர் இனிப்பு வரும். அந்த இனிப்புக்காகத்தான் இத்தனை பாடும். எடுத்து வைத்தால் ஒவ்வொரு நாளும் அது குறைந்துகொண்டே போகும். வெந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், சதையைவிட ருசி அதில்தான் இருக்கிறது. சற்று நேரம் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடித்து, அடியில் தங்கும் கடைசி ஒரு கரண்டியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அன்று சமைக்க முடியாவிட்டால் உயிருள்ள மட்டியைத் தண்ணீர் இல்லாமல், திறந்த பாத்திரத்தில் ஈரத்துணி மூடி, குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் வைக்கலாம். காற்றுப் புகாத பையில் கட்டிவிட்டால் மூச்சடைத்துச் செத்துவிடும். இரண்டு நாளைக்குள் சமைத்துவிட வேண்டும், சமைக்குமுன் தட்டிப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அதற்குமேல் வைக்க வேண்டுமானால் வேக வைத்துச் சதையைப் பிரித்து, அதன் சாற்றிலேயே மூழ்கும்படி சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி, ஆறியதும் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். டப்பாவின் மேல் தேதியோடு எடுத்த கரையின் பெயரையும் எழுதி ஒட்டிவிடுவது என் வழக்கம். அந்தக் கரைக்கு அன்றைய தேதியை உள்ளிட்ட எச்சரிக்கை பின்னால் வந்தால், எந்த டப்பாவை எறிய வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.